‘பிச்சைச் சம்பளம்’ என்ற பேச்சு

(மேல் கணக்குப் பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழையில் கொழுந்து நிறுத்துவிட்டு, ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே உங்களை அதிக நேரம் வைத்திருக்க மாட்டோம். அரசாங்கம் கொடுக்கும் காசுக்கு நாம் எல்லோரும் வைத்திருக்கும் பேரைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம்.

பணியக் கணக்கில் ஒரு அம்மா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருசத்துக்கு மேல் மலையில் பேர் போட்டவர். 2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது அவர் பேர் அதில் இல்லை. மேன்முறையீட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவருடைய இஸ்தோப்பில் போய் நின்றோம். அவர் படிவத்தைக் கையால் தொடவில்லை. “இத்தனை வருசம் ஒழைச்சிட்டு கடைசியில பிச்சச் சம்பளம் வாங்கணுமாங்க? வேணாங்க ஐயா” என்றார். சரி, அடுத்த வாரம் வந்து சொல்லிப் பார்ப்போம் என்று திரும்பினோம். அதற்குள் திகதி முடிந்துவிட்டது. கண் கிளினிக்குக்குப் போக பஸ் காசு இல்லாமல் அவர் இரண்டு தடவை போகாமல் இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஏனென்றால் அந்தப் பேச்சை வளர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதற்கு முந்திய மாதம் பிரட்டுக் களத்தில் லவுட்ஸ்பீக்கர் வைத்து, “இனாம் காசு எடுக்கிறவங்க எல்லாம் ஒரு பக்கமா வந்து வரிசையா நில்லுங்க” என்று கூப்பிட்டது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஒரு பக்கத்துக்கு யார்தான் போவார்கள்? வந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார்கள்.

இந்தப் ‘பிச்சைச் சம்பளம்’ என்ற பேரைக் கொஞ்சம் கவனியுங்கள். பொதுசன உதவிப் பணத்தைச் சிங்களச் சகோதரர்கள் பேச்சில் ‘பின் படி’ என்பார்கள். ‘பின்’ என்றால் புண்ணியம், ‘படி’ என்றால் சம்பளம். காசு ஒன்றுதான். அந்தப் பேரில் கொடுக்கிறவருக்குப் புண்ணியம் சேருகிறது. நம்முடைய பேரில் வாங்குகிறவர் பிச்சைக்காரராகிவிடுகிறார். இரண்டு பேரிலுமே, இது சட்டப்படி கிடைக்கும் காசு என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இதே நாட்டில் 1939ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஏழைகளுக்கு உதவி கொடுப்பதற்கான சட்டம். மற்றது பிரசவச் சகாயச் சட்டம். பிள்ளை பெற்ற தாய் அந்தக் காசை வாங்கும்போது யாராவது பிச்சை என்றார்களா? ஒரு நாள் பிந்தினாலும் ஆபீசுக்குப் போய், “என் புள்ளக் காசு எங்கே?” என்று சத்தம் போடுவோம். போடத்தான் வேணும். ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். நம்ம சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு நூற்றுக்கு 12. ‘நம்ம காசு’ என்று நிமிர்ந்து நின்று கேட்கிறோம்.

“அது ஒழைச்ச காசு ஐயா, இது அரசாங்கத்துக் காசு” என்று தலைவர் ஒருவர் போன கூட்டத்தில் சொன்னார். நல்ல கேள்விதான். அரசாங்கத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது? சவர்க்காரத்திலும், பிள்ளையின் சப்பாத்திலும், போனுக்குப் போடும் ரீலோடிலும் வரி இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. கடைக்காரர் அந்த வரியைச் சாமான் விலையோடு சேர்த்துத்தான் நம்மிடம் எடுக்கிறார். ஆகவே அந்தப் பெட்டியில் நம்ம கைக்காசும் கிடக்கிறது.

இன்னொரு சகோதரி, “உரிமைன்னா எல்லாருக்கும் குடுக்கணுமே, எனக்கு ஏன் இல்ல?” என்று கேட்டார். பிள்ளை பெறாதவருக்குப் பிள்ளைக் காசு கிடையாது. அதற்காக அது உரிமை இல்லை என்று ஆகுமா? நிபந்தனை இருக்கும். நிபந்தனைக்கு உட்பட்டவர் கேட்கலாம், கிடைக்காவிட்டால் ஏன் என்றும் கேட்கலாம். பிச்சை கேட்கிறவர் மேன்முறையீடு செய்ய முடியாது. நமக்கு மேன்முறையீட்டுப் படிவம் அச்சடித்தே தருகிறார்கள்.

திட்டங்களின் பேர்களையும் பாருங்கள். 1979இல் வந்தது உணவு முத்திரை. பேரிலேயே விசயம் இருந்தது. 1989இல் ஜனசவிய, அதாவது மக்கள் பலம். 1995இல் சமுர்த்தி, செழிப்பு. 2023இல் அஸ்வெசும, ஆறுதல். பலத்தில் தொடங்கி, செழிப்பைத் தொட்டு, ஆறுதலில் வந்து நிற்கிறோம்! சிரிக்காதீர்கள், செத்த வீட்டில்தான் ஆறுதல் சொல்வார்கள்.

அதைவிடப் பாரமாக இருப்பது வகுப்புப் பேர்கள். 2023இல் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். மேல் தொகை ‘மிக வறியோர்’ என்ற வகுப்புக்கு. கணக்குக்கு அந்தப் பேர் தேவைதான். ஆனால் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டது. நம்ம ஸ்கூலில் இரண்டு பையன்கள் சண்டை பிடித்தபோது ஒருவன் மற்றவனைப் பார்த்து, “போடா மிக வறியோர்” என்றிருக்கிறான். டீச்சர் வந்து சொன்னபோது எங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

‘ஆட்சேபணை’ என்ற சொல்லும் அப்படித்தான் வேலை செய்தது. தகுதி இல்லாதவர் பேர் இருந்தால் அறிவிக்கலாம் என்பது அதன் கருத்து. நம்ம லயத்தில் அது தண்ணீர்ப் பைப்புச் சண்டைக்கும் வேலிச் சண்டைக்கும் ஆயுதமாகிவிட்டது. “ஒம் பேரை வெட்ட வைக்கிறேன் பாரு” என்று ஒரு வீட்டார் மற்ற வீட்டாரைப் பயமுறுத்தியதை எங்கள் காதாலேயே கேட்டோம். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்கி வளர்ந்தவர்கள்.

கடிதங்கள் விசயத்தில் ஒன்று சொல்ல வேணும். சிங்களத்தில் வரும் கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து அர்த்தம் கேட்காதீர்கள். “ஒங்களுக்கு இனாம் இல்லன்னு போட்டிருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்ன கடிதத்தில் உண்மையில் கேட்டிருந்தது வங்கிக் கணக்கு இலக்கத்தை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. தமிழில் கடிதம் கேட்டு எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

பணியக் கணக்கு அம்மாவிடம் 2024இல் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தோடு திரும்பவும் போனோம். இந்தத் தடவை பிரசவக் காசு, சேமலாபக் காசு என்று இந்தக் கதையையெல்லாம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப இதுக்கு என்னா பேருங்க சொல்றது?” என்று கேட்டார். அஸ்வெசும கொடுப்பனவு என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா என்றோம். உள்ளே போய் ஐடென்டி கார்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே பிள்ளைக் காம்பராவில் இருப்போம். கடிதம் வந்து புரியாமல் வைத்திருப்பவர்கள், விண்ணப்பம், மேன்முறையீடு சம்பந்தமாகக் கேட்க இருப்பவர்கள் ஐடென்டி கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். லவுட்ஸ்பீக்கர் இல்லை, வரிசையும் இல்லை. உட்கார வாங்கு போட்டு வைக்கிறோம்.