குப்பைக் குழியும் குடிநீர்க் கிணறும்

(நாரந்தனையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



குப்பையைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் நகைத்ததாகக் கேள்வியுற்றோம். மொழியுரிமை, நிலவுரிமை, ஆட்சியுரிமை என்று முழங்கவேண்டிய மேடையிலே குப்பைக்கு என்ன இடம் என்று அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு. நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கின்றோம்: நிலவுரிமையை வென்றெடுத்த பின்னர், அந்நிலத்தின் அடியிலுள்ள நீர் கெட்டிருக்குமாயின் அந்நிலத்தை வைத்துக்கொண்டு எதைப் பயிரிடுவது? எதைக் குடிப்பது? தீவகத்திலே குப்பையின் கதை தண்ணீரின் கதையோடு பிணைந்தது. ஆகவே தண்ணீரிலிருந்தே தொடங்குவோம்.

ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்டழைத்த எமது தீவிலே வற்றாத ஆறில்லை, மலையூற்றில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வானம் தருவதே ஆண்டு முழுவதற்கும் எமக்குள்ள முதல். அந்த நீர் மண்வழியே இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. அதற்குக் கீழே கடல்நீர். நன்னீர் பாரம் குறைந்ததாகையால் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மேலே நன்னீர், ஆழத்திலே உவர். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பியர் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்ட கணக்கொன்றுண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்குமாம். கேட்பதற்கு மகிழ்ச்சியாகவே இருக்கின்றது. ஆயின் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடியை இழந்தால் காலப்போக்கில் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவிடும்! துலா மிதித்த எமது பாட்டன்மார் இக்கணக்கைப் படித்தவர்களல்லர். ஆனால் மனித உடம்பு ஒரு நாளில் எவ்வளவு இறைக்கமுடியுமோ அதுவே அவர்களுக்கு வரம்பாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அவ்வரம்பில்லை. எண்ணெய் தீரும்வரை அது இறைக்கும்.

வேலணைச் சாட்டிக் கிணறுகளின் நீர் தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் போவதை நீங்கள் அறிவீர்கள். அந்த நீர் அங்கே தங்குவதற்குக் காரணம் கடற்கரையோர மணற்றிட்டிகள். மழையை உறிஞ்சி வைத்திருக்கும் தொட்டி அந்த மணல்தான். அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் மணலை அள்ளி லொறியிலேற்றுபவன் மணலையா விற்கின்றான்? ஊரின் தண்ணீர்த் தொட்டியை உடைத்து விற்கின்றான்.

இனிக் குப்பைக்கு வருவோம். களிமண் நிலத்திலே குழி வெட்டிக் குப்பையைப் புதைத்தால் அதன் கசிவு மெல்ல மெல்லவே நகரும். மண்ணும் அதனை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல் அப்படியன்று. அது வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. ஒரு வளவிலே ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றிலே தலைகாட்டும். சுன்னாகத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? அனல் மின் நிலையமொன்றிலிருந்து வெளியேறிய கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளிலே மிதந்ததை 2014, 2015ஆம் ஆண்டுகளில் வலிகாமமே கண்டு கலங்கியது. பிள்ளைகள் கிணற்றடியிலே போத்தல்களோடு தண்ணீருக்குக் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2019ஆம் ஆண்டிலே, கிணறு கெட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. தீர்ப்பை வரவேற்கின்றோம். ஆனால் இழப்பீட்டுக் காசைக் கிணற்றிலே போட்டால் தண்ணீர் தெளியுமா?

ஊர்காவற்றுறையிலே எண்ணெய் இயந்திரம் இல்லையே என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். இங்கே வேறொன்று இருக்கின்றது. அதனை இக்கூட்டத்திலே வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இத்தீவகத்தைவிட்டு மக்கள் பெயர்ந்தபோது வீடுகள் பாழாயின, கிணறுகளும் பாழாயின. உரியவர் கனடாவிலும் பிரான்சிலும் கொழும்பிலும் இருக்கின்றார். கிணறு இங்கே வாய் திறந்து கிடக்கின்றது. அதற்குள் என்ன போகின்றது என்று எட்டிப் பார்த்தீர்களா? சொப்பின் பை, பூச்சிமருந்துப் போத்தல், பழைய மின்கலம், அணையாடை, செத்த கோழி! அடுத்த வளவார் அதே நீரோட்டத்திலே வாளி விட்டு அள்ளிக் குடிக்கின்றனர். குழிக்குள் போட்டாலும் குற்றமே. ஆனால் பாழ்கிணற்றுக்குள் போடுவது நீரின் மடியிலேயே நேராக நஞ்சிடுவதாகும். இதனைச் செய்வது அரசாங்கமன்று, அயலானுமன்று, நாமே செய்கின்றோம்.

நகரங்கள் செய்வதென்ன? யாழ்ப்பாண மாநகரின் குப்பை பல ஆண்டுகளாகக் கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்பட்டு வந்துள்ளது. எமக்கும் அவ்வெளிக்கும் இடையே உள்ளது பரவைக் கடல் மட்டுமே. அங்கே தீ மூண்டதுமுண்டு. புகை பொறுக்காமல் அயற்கிராமத்தவர் வீதிக்கு வந்ததுமுண்டு. கொழும்பின் கதை இதனினும் கொடிது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்திலே, மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை மூடியது. அதன்பின் தலைநகரின் குப்பைக்கு இடந்தேடிப் புத்தளம் மாவட்டத்து அருவக்காலு வரை போயினர். நகரத்துக் குப்பை எப்பொழுதும் ஏழையின் வாசலையும் ஆளரவமற்ற வெளியையும் தேடியே புறப்படுகின்றது. தீவகத்திலோ ஆளில்லாக் காணிகளுக்குக் குறைவில்லை. இங்கே கொட்டும் எண்ணம் இன்று எவருக்கேனும் உண்டென்று நாம் கூறவில்லை. எழுவதற்கு முன்னரே பேசிவைக்கின்றோம். முறையாகக் குப்பை நிரப்புவதென்றால் அடியிலே நீர்புகா விரிப்பு வேண்டும். கசிவை ஏந்திச் சுத்திகரிக்கும் தொட்டிகள் வேண்டும். தொம்பேயில் அத்தகையதொன்றை அமைக்கக் கொரிய நாட்டின் உதவி தேவைப்பட்டது. இச்சிறு தீவுக்கு அது ஆகிற காரியமா?

ஆனால் கொட்டுவதற்கு இடமே இல்லாமற்போனதனால் வழி கண்ட ஊரொன்றுண்டு. கேரளத்து ஆலப்புழை எம்மைப்போலவே நீரால் சூழப்பட்டது. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் இலட்சம் மக்கள் வாழும் சிறு நகரம். அதன் குப்பை பன்னெடுங்காலமாக அயலிலுள்ள சர்வோதயபுரம் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. 2012ஆம் ஆண்டளவில் அவ்வூரவர் இனிப் பொறுப்பதில்லை என்று லொறிகளை மறித்தனர். நகரம் நாறியது. வேறு வழியின்றி நகரசபை வீட்டுக்கு வீடு சென்றது. உக்கும் குப்பையை அவரவர் வளவிலேயே குழாய்களிலிட்டு எருவாக்கவும், சாணவாயுக் கலத்திலிட்டு அடுப்பெரிக்கவும் பழக்கியது. வளவில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளிலே காற்றோட்டமுள்ள தொட்டிகளைக் கட்டியது. ஐந்தாண்டுகள் கழிந்து, 2017ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிறுவனம் முன்மாதிரியாக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்றாயிற்று. மற்றவற்றுள் ஜப்பானிய ஒசாக்காவும் மலேசியப் பினாங்கும் அடங்கும். நகரசபை தானாக விழித்ததன்று. லொறியை மறித்த ஊர் அதனை எழுப்பிற்று என்பதைக் கவனிக்க.

எமக்கு இதிலே புதுமை அதிகமில்லை. இலங்கையின் நகரக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியதே. பூவரசங்குழையும் வேப்பங்குழையும் தோட்டத்திலே தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்து, பனையோலையையும் வீணாக்காமல் மண்ணுக்குள் புதைத்து இந்தக் கல்நிலத்திலே புகையிலை விளைவித்த கமக்காரனுக்கு எருவாக்கக் கற்பிக்க எவரும் கேரளத்திலிருந்து வரவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே கட்டளையால் தடுக்கப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். நவம்பரில் தடை நீங்குமுன்னரே விளைச்சல் விழுந்தது. கூட்டெரு எங்கே, எங்கே என்று நாடெங்கும் தேடினர். அத்தனை ஆண்டுகளாக அந்த எருவைக் கல்லுண்டாயிலும் மீதொட்டமுல்லையிலும் மலையாகக் குவித்து எரித்தவர்கள் நாம்! திடீர்த் தடையை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அளவின்றிப் போட்ட யூரியாவின் நைத்திரேற்று யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதையும் மறைக்கவில்லை. கைக்குழந்தை குடிக்கும் பாலிலே கலப்பது அந்த நீர்தான்.

இனிப் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை உத்தியோகத்தர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்கவேண்டுகின்றோம். சபை சேகரிக்கும் குப்பை கூளமெல்லாம் சபையின் சொத்து. அதனை விற்கவும் அகற்றவும் சபைக்கு முழு அதிகாரமுண்டு என்று அச்சட்டம் கூறுகின்றது. சொத்து என்றால் கணக்கு வேண்டாமா? மாதம் எத்தனை உழவு இயந்திரப் பெட்டி குப்பை வந்தது, எங்கே போயிற்று, எவ்வளவு எருவாயிற்று, யாருக்கு விற்கப்பட்டது என்று சபையிலே கேட்க நமக்கு உரிமையுண்டு. சபையிலே விடை கிடையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தேர்தலின்றியே காலம் கழிந்தது. யாரைக் கேட்பதென்று அன்று தெரியவில்லை. 2025 மே 6ஆம் நாள் வாக்களித்தோம். இப்பொழுது கேட்பதற்கு ஆளிருக்கின்றது. கட்சி பார்த்து வாக்களித்தோம். கணக்குக் கேட்கும்போது கட்சி பார்க்கவேண்டாம்.

சபை செய்யவேண்டியது பெரிய காரியமன்று. உக்காதவற்றை மட்டும் கிழமைக்கொரு நாள் எடுத்துச்செல்லட்டும். போத்தல், தகரம், பொலித்தீன், கண்ணாடி என்று பிரித்துக் கூரையின்கீழ் வைத்து விற்கட்டும். பூச்சிமருந்துப் போத்தலுக்கும் மின்கலத்துக்கும் வேறு பெட்டி வேண்டும். குப்பை அள்ளும் தொழிலாளிக்குக் கையுறையும் பாதணியும் ஒழுங்கான சம்பளமும் வேண்டும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்திலே அவர் நாள் முழுவதும் நிற்கின்றார். கோவில் திருவிழாவிலும் தேவாலயப் பெருநாளிலும் வாழையிலைக்குத் திரும்புவது சபையின் வேலையன்று, உபயகாரரின் வேலை. முன்பு விருந்து முடிந்தால் எச்சிலிலை ஆட்டுக்கு விருந்தாகும். இப்போது ஆடு பொலித்தீனைத் தின்று வயிறூதிச் சாகின்றது. பொலித்தீனை வீதியோரம் எரிப்பதும் தீர்வன்று. அது 2017 முதல் சட்டப்படி குற்றம்.

தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டதே, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் ஆக்கவல்லதாமே, இனிக் கிணறு எதற்கு என்று கேட்பாரும் உளர். குழாய்நீர் வரட்டும், குடிப்போம். ஆனால் மின்சாரம் செலவழித்து உப்பகற்றிய நீரை வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்ச எந்தக் கமக்காரனுக்குக் கட்டும்? பயிருக்கும் மாட்டுக்கும் என்றென்றும் கிணறுதான். குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிட்டால், அதுவே அடுத்த குப்பைத் தொட்டியாகும்.

ஆகவே இன்றைக்கு ஒரேயொரு வேலையைக் கேட்டு அமர்கின்றோம். மாரி பிறப்பதற்கு முன்னர் நாரந்தனையிலுள்ள பாழ்கிணறுகள் அனைத்துக்கும் பட்டியல் எழுதவேண்டும். எந்த வளவு, உரியவர் எங்கே, உள்ளே குப்பை உண்டா, மூடி போடலாமா, தூர்வாரலாமா என்று குறிக்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள உரியவர்களுக்குக் கடிதம் எழுத ஆசிரியர்கள் முன்வந்துள்ளனர். பட்டியலின் ஒரு படி பிரதேச சபைக்கும் ஒரு படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகும். வட்டாரத்துக்கு இரண்டு இளைஞர் தேவை. பெயர் கொடுப்போர் கூட்டம் முடிந்ததும் வாசலருகேயுள்ள மேசைக்கு வருவார்களாக.