உறக்கமும் உயிரும்

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் உறக்கம். "உழைப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் உறக்கத்தைப் பற்றிப் பேசுவதா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உறக்கம் என்றாலே சோம்பல் என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. வள்ளுவப் பெருந்தகையும் கெடுவார் விரும்பி ஏறும் நான்கனுள் துயிலையும் ஒன்றாக வைத்தார். ஆனால் அதனை அவர் வைத்த இடம் மடியின்மை என்னும் அதிகாரம். சோம்பித் தூங்குவோனையே அவர் கடிந்தார். உழைத்துக் களைத்தவனின் உறக்கத்தை அன்று.

பால்மரத் தொழிலாளிக்கு விடியற்காலை உறக்கம் வாய்ப்பதில்லை. இதற்குக் காரணம் மரத்தின் இயல்பே. இரவில் மரம் நீரை உறிஞ்சித் தேக்கி வைக்கிறது. விடியுமுன் பட்டையிலுள்ள பால்குழல்களில் அழுத்தம் மிகுந்து நிற்கிறது. அப்போது வெட்டினால் பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் வெளியேறி, அழுத்தம் குறைந்து, பாலும் குறைகிறது. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட கன்றுகள் மரமாகிய காலந்தொட்டு இந்த இயற்கை மாறவில்லை. ஆகவே எழும் நேரம் மரத்தின் கையில் இருக்கிறது. படுக்கும் நேரம்தான் நம் கையில் இருக்கிறது.

வயது வந்த ஒருவருக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. காலை 4 மணிக்கு எழுபவர் இரவு 9 மணிக்கே படுத்தாக வேண்டும். நள்ளிரவு வரை தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பார்த்திருந்துவிட்டு 4 மணிக்கு எழுந்தால், கிடைத்தது 4 மணி நேரம். மீதம் 3 மணி நேரம் கடன். மளிகைக் கடைக் கடனாவது முதலாளியின் தயவால் ஒரு வாரம் பொறுக்கும். உறக்கக் கடனோ சொல்லாமல் கொள்ளாமல் வசூலுக்கு வந்துவிடும்.

அது எப்படி வருகிறது? நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மிகுந்தால் கண் சொருகும். அதோடு, உடலுக்கென்று ஓர் உட்கடிகாரமும் உண்டு. அக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நள்ளிரவு கடந்து விடியும் வரையிலும், பின்னர் பிற்பகலிலும் உடல் சோர வேண்டும் என்று அக்கடிகாரம் கட்டளையிடுகிறது. இவ்விரண்டும் ஒன்றுகூடும்போது, கண் திறந்திருக்கையிலேயே மூளை சில விநாடிகள் உறங்கிவிடும். உறங்கியதை உறங்கியவரே அறியமாட்டார்.

சில விநாடிகள்தானே என்று எண்ண வேண்டா. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. 4 விநாடி கண்ணயர்ந்தால் 100 மீட்டர். அந்த 100 மீட்டர் தூரமும் அவ்வாகனத்திற்கு ஓட்டுநரே இல்லை!

1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டோசனும் ரீடும் ஓர் உண்மையை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் குருதியில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் திறனளவுக்குத் தாழ்ந்துவிட்டது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வாகனமோட்டிகளுக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லையும் அதே 50 மில்லிகிராம்தான். காலை 4 மணிக்கு எழுந்து, நிரை முடித்து, மாலையில் வேறொரு வேலையும் பார்த்துவிட்டு, இரவு 9 மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தோழரே, உமது கணக்கும் 17 மணி நேரம். ஒரு துளியும் அருந்தாமலே நீர் அந்த எல்லையில் நிற்கிறீர்.

ஒருவர் கண்ணயர்ந்தால் அவர் மட்டுமா வீழ்கிறார்? இங்கிலாந்தின் செல்பி நகருக்கு அருகில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் விடியற்காலையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். இரவெல்லாம் பெரும்பாலும் விழித்திருந்த ஒருவர், பின்னால் ஓர் இழுவண்டியைப் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்தார். வாகனம் சாலையை விட்டு விலகி, சரிவில் இறங்கி, இரயில் தண்டவாளத்தில் போய் நின்றது. அவர் வெளியேறி உதவி கோரிக்கொண்டிருக்கையிலேயே பயணிகள் இரயில் ஒன்று வந்து மோதித் தடம் புரண்டது. எதிரே வந்த நிலக்கரி இரயிலோடும் மோதியது. இரு இரயில்களின் ஓட்டுநர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். தாம் உறங்கவில்லை என்று அம்மனிதர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை, 5 ஆண்டுச் சிறை விதித்தது. அவர் உடலில் பெரிய காயமில்லை. பத்துக் குடும்பங்களில் விளக்கணைந்தது.

நம் நாட்டிலும், ஆபத்தாக வாகனம் ஓட்டி மரணம் விளைவித்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு.

இந்த ஆபத்து சாலையோடு நிற்பதில்லை. பெரட்டு முடிந்து, நெற்றி விளக்கோடு நிரைக்குச் செல்பவர் தூக்கக் கலக்கத்தில் கத்தியை ஆழமாக இழுத்துவிட்டால் மரத்திற்குக் காயம்; அவ்விடத்தில் மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பல ஆண்டுகள் வெட்டுக்கு உதவாமல் போகும். கத்தி தவறினால் நம் கைக்கே காயம். பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் கையாளும்போதும், உருளை இயந்திரத்தில் பால்தகட்டைச் செலுத்தும்போதும் ஒரு கணம் கண்ணயர்ந்தவரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின், நம் பிள்ளைகள் ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குச் செல்கின்றனர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் இளைஞர் ஒருவர் நம்மிடம் கூறியது இது: "வேலை முடிந்து வண்டியை எடுத்தது நினைவிருக்கிறது, ஐயா. வழியில் இரண்டு சாலை விளக்குகளைக் கடந்தேனே, அவை சிவப்பா பச்சையா என்பது நினைவில்லை. கால்வாயில் விழுந்தபோதுதான் விழித்தேன்." கால்வாயில் அன்று நீரில்லை, அவர் பிழைத்தார். ஏன் பகலில் உறங்குவதில்லை என்று கேட்டோம். அண்டை வீட்டு வானொலியும், பிள்ளைகளின் கூச்சலும், வந்து போவோரின் அழைப்பும் விடுவதில்லை என்றார். அன்பர்களே, இரவு வேலைக்காரர் உறங்கும் வீட்டின் முன் நாம் குரலைத் தாழ்த்தினால், அதுவும் ஓர் உயிர்காக்கும் செயலே.

தைப்பூசத்திற்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடியோடு நடந்து, இரவெல்லாம் விழித்து, அப்படியே வண்டியேறி ஊர் திரும்புவோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். முருகன் அருள் உண்டு; அவன் கொடுத்த அறிவும் உண்டு. உறங்கிவிட்டுப் புறப்படுங்கள்.

சாலையில் கண் சொருகினால் என்ன செய்வது? சன்னலைத் திறப்பதும், பாட்டை உரக்க வைப்பதும், முகம் கழுவுவதும் சிறிது நேரமே தாங்கும். உறக்கத்திற்கு மருந்து உறக்கமே. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பாவிலும் சுங்கை பேராக்கிலும் ஓய்விடங்கள் உள்ளன. அங்கே நிறுத்தி ஒரு குவளை காப்பி அருந்தி, உடனே 20 நிமிடம் கண்மூடுங்கள். காப்பி வேலை செய்யத் தொடங்கும்போது நீங்களும் எழுந்திருப்பீர்கள். உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுவோர், எவ்வளவு உறங்கியும் பகலில் தூங்கி விழுவர். அது நோய், மருத்துவரிடம் சென்று காட்ட வேண்டும்.

ஓய்வு உங்கள் உரிமையும் ஆகும். வேலைச் சட்டப்படி 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தபின் அரை மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. மிகைநேர வேலை மாதத்திற்கு 104 மணி நேரத்தைக் கடக்கலாகாது. வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆயினும், இழப்பீட்டுப் பணம் வரும், போனவர் வரமாட்டார்.

முடிவாக ஒன்று. இப்பொருள் பற்றி ஒரு தோட்டத்தில் பேசி முடித்தபோது, பால்வெட்டும் தாய் ஒருவர் எழுந்து கேட்டார்: "எல்லோரும் படுத்தபின் படுக்கிறேன், எல்லோருக்கும் முன்னால் எழுகிறேன். 7 மணி நேரத்திற்கு நான் எங்கே போவேன்?" நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையை நாம் மட்டும் கூறவும் முடியாது. அவர் வீட்டாரே கூற வேண்டும். இன்றிரவு சோறுண்ட தட்டைக் கணவர் கழுவட்டும். நாளைய உடுப்பைப் பிள்ளைகள் தாமே எடுத்து வைக்கட்டும். 9 மணிக்கு வீட்டு விளக்கு அணையட்டும். அந்தத் தாயும் நம்மோடு உறங்கட்டும்.