சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?

இன்னைக்கு எபிசோட் என் கெண்டைக்கால்ல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். ரிலீஸ் வேலையை முடிச்சிட்டு பஸ் ஸ்டாப்ல இருந்து வீட்டுக்கு நடந்து வந்துட்டு இருந்தேன். எங்க தெருமுனை நாய்ங்க எல்லாம் எனக்குப் பழக்கம். அன்னைக்குப் புதுசா ஒண்ணு நின்னுச்சு. குரைக்கல, உறுமல. நேரா வந்து ஒரு கடி, அப்படியே போயிடுச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு பல் பதிஞ்ச இடத்துல லேசா ரத்தம். தண்ணியில அலசிட்டு, "காலையில பாத்துக்கலாம்"னு படுத்துட்டேன். ஆமா, படிச்சவன்தான்.

காலையில அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?"

"கழுவினேன் மேடம்."

"சோப்பு போட்டா? எவ்ளோ நேரம்?"

நான் முழிச்சதுலயே அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. வெளிய இருந்த குழாயைக் காட்டினாங்க. பாதி கரைஞ்ச ஒரு சோப்புத் துண்டு. 15 நிமிஷம் கழுவிட்டு வந்தாத்தான் ஊசின்னு சொல்லிட்டாங்க. பேன்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டிட்டு, ஒத்தைக் கால்ல நின்னு கழுவுறப்போ மனசுக்குள்ள ஒரே கேள்விதான். அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாருமே பிழைக்காத ஒரு நோய். அதுக்கு முதல் மருந்து சோப்பா?

இந்தக் கேள்வியைத் தேடிப் போனா, பதில் கினிப்பன்றிகள்கிட்ட இருந்துச்சு.

அந்தக் காலத்துல வெறிநாய் கடிச்ச காயத்தை டாக்டர்கள் நைட்ரிக் அமிலத்தால சுடுவாங்க. 1943ல அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், இது உண்மையிலேயே தேவையான்னு கினிப்பன்றிகள்ல சோதிச்சுப் பாத்தாங்க. காயத்துல ரேபிஸ் வைரஸைத் தடவி, சிலதுக்கு அமிலம், சிலதுக்கு சோப்புத் தண்ணி, சிலதுக்கு ஒண்ணுமே இல்ல. சோப்புத் தண்ணியால நல்லா கழுவினதுல செத்தது, கழுவாம விட்டதைவிட ரொம்பக் குறைவு. 1960கள்லயும் கினிப்பன்றிகள்ல இதே மாதிரி காயம் கழுவுற சோதனைகள் நடந்துச்சு. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் 15 நிமிஷம் சோப்பும் தண்ணியும்னு சொல்றதுக்குப் பின்னாடி இந்த மாதிரி விலங்குகள் இருக்கு.

காரணம் வைரஸோட அமைப்புல இருக்கு. ரேபிஸ் வைரஸ் பாக்க துப்பாக்கிக் குண்டு மாதிரி. மொத்தம் அஞ்சே அஞ்சு ஜீன், ஏறக்குறைய 12,000 எழுத்து. நம்ம ஆபீஸ் லாகின் பேஜோட கோடு இதைவிட நீளம். அதுக்கு மேல கொழுப்பால ஆன ஒரு போர்வை. எண்ணெய்ச் சட்டியை சோப்பு எப்படி உரிச்சு எடுக்குமோ அதே மாதிரி இந்தப் போர்வையையும் கரைச்சிடும். போர்வை போனா வைரஸால செல்லுக்குள்ள நுழைய முடியாது. ஆனா ஒண்ணு, அது இன்னும் காயத்துலயே இருக்கணும்.

ஏன்னா அடுத்து அது போற இடத்துக்கு சோப்பு வராது. கடிச்ச இடத்துல தசை இருக்கு. அந்தத் தசையைத் தொட்டுக்கிட்டு நரம்போட நுனி இருக்கு. வைரஸ் மேல முள்ளு முள்ளா நீட்டிட்டு இருக்கிற ஜி புரதம், அந்தச் சந்திப்புல இருக்கிற ஏற்பிகளைப் பிடிச்சுக்கும். தசைக்குள்ள கொஞ்ச நாள் பெருகிட்டுப் போகலாம், நேரா நரம்புக்குள்ளயும் ஏறலாம். நரம்புக்குள்ள போயிட்டா அப்புறம் அது சொந்தமா நடக்கவே வேணாம். நரம்பு செல்லுல சரக்கு ஏத்திட்டுப் போற டைனீன்னு ஒரு மோட்டார் புரதம் இருக்கு. நுனியில இருந்து செல்லோட நடுவுக்கு சாமானைத் தூக்கிட்டுப் போறதுதான் அதோட வேலை. வைரஸ் அதுல லிஃப்ட் கேட்டு ஏறிடுது.

இது நரம்பு வழியாத்தான் போகுது, ரத்தம் வழியா இல்லன்னு எப்படி நிச்சயமா சொல்றாங்க? 1965ல ஜார்ஜ் பேயர்ங்கிறவரும் அவரோட சகாக்களும் எலிகளோட பாதத்துல வைரஸை ஊசியில போட்டாங்க. காலுக்குப் போற முக்கிய நரம்புகளை வெட்டி எடுத்த எலிகள் பிழைச்சுது. ரத்த ஓட்டம் அப்படியேதான் இருந்துச்சு, ரோடு மட்டும்தான் இல்ல. கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு, எனக்கும்தான். ஆனா காயத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்கு, அதைக் கடக்க வைரஸுக்கு நேரம் ஆகும், அந்த நேரம்தான் நம்மகிட்ட இருக்கிற ஒரே சொத்துங்கிறதை இந்தச் சோதனை மாதிரி பளிச்சுன்னு காட்டுனது வேற எதுவும் எனக்குக் கிடைக்கல.

மனுஷங்களுக்கு இந்த நேரம் வழக்கமா 2, 3 மாசம். ஒரு வாரத்துலயும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம். ஆராய்ச்சிக்கூடத்துல இவ்ளோ நாள் காத்திருக்க முடியாதுல்ல? லூயி பாஸ்ச்சர் 1880கள்லயே இதுக்கு ஒரு வழி பண்ணார். ஒரு முயலோட மூளையில இருந்து அடுத்த முயல், அதுல இருந்து அடுத்ததுன்னு வைரஸை மாத்திக்கிட்டே போனார். (முயல் கொறித்துண்ணி வகை கிடையாது, கமென்ட்ல வந்து சொல்ல வேணாம், தெரியும்.) ஒவ்வொரு தடவையும் நோய் வர்ற நாள் குறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில ஒரு வாரத்துல நின்னுடுச்சு. அதுக்குப் பேரு நிலைப்படுத்தின வைரஸ். வெளிய நாய்கிட்ட இருக்கிறது தெரு வைரஸ். இந்தப் பேரு இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. இப்போ ஆராய்ச்சிக்கூட சுண்டெலிகளுக்குப் போடுற சிவிஎஸ்ங்கிற ரகம், பாஸ்ச்சரோட அந்த வைரஸ் வம்சத்துல வந்ததுதான்.

சரி, முதுகுத்தண்டுக்கு வந்தாச்சு. இங்கதான் என்னை மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு நரம்பு செல்லுல இருந்து அடுத்ததுக்கு வைரஸ் எப்படித் தாவுது? கண்டபடி பக்கத்துல இருக்கிறதுக்கெல்லாம் தாவாது. இந்த செல்லுக்கு எந்த செல் சிக்னல் அனுப்புதோ, அதுக்குத்தான் போகும். சிக்னல் போற திசைக்கு நேர் எதிர்த் திசை. புரொடக்ஷன்ல ஏதாவது உடைஞ்சா நாம ஸ்டாக் டிரேஸ் பாப்போம்ல? இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது யாரு, அதைக் கூப்பிட்டது யாருன்னு கீழ இருந்து மேல போவோம். ரேபிஸ் கோடிக்கணக்கான செல்கள்ல அதையேதான் பண்ணுது.

2007ல கலிஃபோர்னியாவுல, சால்க் நிறுவனத்துல எட்வர்ட் கேலவேயோட குழு இதை ஒரு கருவியாவே மாத்திட்டாங்க. வைரஸ்ல இருந்து ஜி புரதத்துக்கான ஜீனை எடுத்துட்டு, அந்த இடத்துல பச்சையா ஒளிர்ற புரதத்தோட ஜீனை வச்சாங்க. இப்போ வைரஸ் செல்லுக்குள்ள நகல் எடுக்கும், ஆனா வெளிய போய் அடுத்த செல்லைப் பிடிக்க முடியாது. ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்த செல்லுக்கு மட்டும் ஜி புரதத்தைத் தனியா கொடுப்பாங்க. அங்க இருந்து வைரஸ் ஒரே ஒரு படி பின்னாடி தாவும், தாவுன இடத்துல ஜி கிடையாது, அங்கயே நின்னுடும். மைக்ரோஸ்கோப்ல பாத்தா அந்த ஒரு செல்லுக்கு சிக்னல் அனுப்புற செல்கள் பச்சையா மின்னும். சுண்டெலி மூளையில யாரு யாரோட பேசறாங்கன்னு இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சதுல ஒரு பெரிய பங்கு இந்த வழியா வந்ததுதான். மூளையைப் பாக்கணும்னா அந்த எலியைக் கொல்லணும்ங்கிறதையும் சேத்தே சொல்லணும்.

மூளைக்கு வந்த வைரஸ் அதை அடிச்சு நொறுக்கும்னுதான் நான் நினைச்சிருந்தேன். தெரு வைரஸ் அப்படி இல்ல. செத்துப்போன செல்லு வழியா மேல போக முடியாதே. அதனால அது செல்களைப் பெருசா சாகடிக்காம, சத்தமில்லாம பரவுது. அப்புறம் நரம்புகள் வழியாவே திரும்ப வெளிய இறங்கி எச்சில் சுரப்பிக்கு வருது. அடுத்த கடிக்கு அது தயார்.

இன்னொரு விஷயம் என்னைத் தூங்க விடல. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்குல்ல, தெரு ரகங்கள் தாக்கின சுண்டெலிகள்ல அந்தத் தடுப்பு மூடியே இருக்கு. ரத்தத்துல எதிர்ப்புப் புரதம் இருக்கும், ஆனா மூளைக்குள்ள நுழைய முடியாது. செக்யூரிட்டி தன்னோட ஆளையே உள்ள விட மாட்டேங்கிறான். வௌவால்கிட்ட இருந்து வந்த ஒரு ரகத்தை வச்சு 2007ல அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க. அந்தத் தடுப்பு திறந்துக்கிட்ட எலிகள்ல பிழைக்கிறது கூடுச்சு. அறிகுறி வந்தப்புறம் மருந்து ஏன் எடுபடலங்கிறதுக்கு இது ஒரு பாதி பதில்.

இவ்ளோ பயங்கரமான வைரஸ் எவ்ளோ சின்ன மாற்றத்துல அடங்குதுன்னும் பாருங்க. ஜி புரதத்துல 333ஆவது இடத்துல ஆர்ஜினின்னு ஒரு அமினோ அமிலம். அதை மாத்துனா, வளர்ந்த சுண்டெலியோட மூளைக்குள்ளயே நேரா ஊசி போட்டாலும் அது சாகறதில்ல. ஒரே ஒரு இடம்! ஐரோப்பாவுல காட்டு நரிகளுக்கு தீனியில வச்சுப் போட்ட தடுப்பு மருந்துல ஒண்ணு, இந்த இடத்தை மாத்திச் செஞ்சதுதான்.

இவ்ளோ கேட்டதும் "அப்போ எலி கடிச்சா ரேபிஸ் வருமா?"னு கேப்பீங்க. ஆராய்ச்சிக்கூடத்துல ஊசியில போட்டா சுண்டெலிக்கு சுலபமா வருது. ஆனா வெளிய திரியுற எலி, அணில் மாதிரி சின்ன விலங்குகள்ல ரேபிஸைக் காணறது ரொம்ப ரொம்ப அபூர்வம். வெறிபிடிச்ச நாய்கிட்ட கடிபட்ட எலி, நோய் வர்ற வரைக்கும் உயிரோட இருக்கிறதே கஷ்டம்ங்கிறது ஒரு விளக்கம். எலிக்கடியில வேற காய்ச்சல் வரும், டெட்டனஸ் வரும். அதனால டாக்டர்கிட்ட காட்டுங்க, எலியை நினைச்சு ராத்திரி முழுக்க ரேபிஸ் கூகுள் பண்ணாதீங்க. பயப்பட வேண்டியது நாய்க்கடிக்கு. உலகத்துல வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் ரேபிஸ்ல சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. மனுஷங்களுக்கு வர்றதுல 99 சதவீதம் நாய் மூலமாத்தான்.

என் காலுக்கு வருவோம். ரத்தம் வந்த கடிங்கிறதால காயத்தைச் சுத்தியே இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டாங்க. உசுரு போற வலி. "கையில போடக் கூடாதா மேடம்?"னு கேட்டேன். "வைரஸ் கையிலயா இருக்கு?"ன்னாங்க. தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் நரம்புல ஏற விடாம வாசல்லயே பிடிக்கிறதுக்குத்தான் இது. பேயரோட எலிக்குக் கத்தி பண்ண வேலையை எனக்கு ஊசி பண்ணுச்சு.

அப்புறம் தடுப்பூசி. 0, 3, 7, 28ஆவது நாள். ஏழாவது நாள் ஆபீஸ்ல டெமோ. கால் வலியும் போச்சு, ஒரு ஊசியை விட்டா என்னன்னு யோசிச்சேன், மறைக்க விரும்பல. அன்னைக்குக் காலையிலதான் இன்னொண்ணு படிச்சேன். ஒரு தொகுதி ரேபிஸ் தடுப்பூசி சரியா வேலை செய்யுதான்னு பாக்க, பல காலமா நடந்துட்டு வர்ற சோதனை என்னன்னா, சுண்டெலிகளுக்கு முதல்ல அந்தத் தடுப்பூசியைப் போட்டு, அப்புறம் அதுங்களோட மூளைக்குள்ள நேரா அந்த சிவிஎஸ் வைரஸை ஏத்துறது. எத்தனை பிழைக்குதுங்கிறதுதான் அந்த மருந்தோட தர அளவு. இப்போ எலி இல்லாத சோதனைகள் வந்துட்டு இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ்ல எனக்காக இருந்த அந்தக் குட்டி பாட்டிலுக்கு முன்னாடி எத்தனை எலின்னு நினைச்சுட்டு டெமோவைத் தள்ளி வைக்கச் சொன்னேன். டெமோ மறுநாள் நடந்துச்சு. வழக்கம்போல பாதியில கிராஷ் ஆச்சு.

28ஆவது நாள் போனப்போ அதே குழாய்ல ஒரு அக்கா தன் பையனோட கையைக் கழுவிட்டு இருந்தாங்க. பையன் அழுதுட்டு இருந்தான்.

"எவ்ளோ நேரமாச்சுக்கா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும் தம்பி. போதும்ல?"

போன்ல பத்து நிமிஷ டைமர் வச்சு குழாய் மேல சாய்ச்சு வச்சேன். பையன் அழுகையை நிறுத்திட்டு நம்பர் குறையுறதைப் பாக்க ஆரம்பிச்சான்.