ரங்கப்பிள்ளை மாளிகையும் இடிந்த ஒரு சுவரும்

(புதுச்சேரியில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மரபுக் கட்டடம் எங்கே என்று கேட்டால் நம்ம ஊரில் இரண்டு பக்கம் கை காட்டுவார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே, ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. சேரிப் பக்கம் கை நீளாது. அந்தச் சேரியில் நின்றுகொண்டு இந்த மாளிகையைப் பார்க்கலாம் என்பதுதான் என் பேச்சு.

1738இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் வீடு. கீழ்த்தளம் தமிழ் வீடு: நடுவில் முற்றம், சுற்றிலும் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளம் பிரெஞ்சுப் பாணி: சுதை பூசிய தூண்கள், மொட்டைமாடி. ‘இரு பண்பாடுகளின் சங்கமம்’ என்று இதைப் புகழ்வார்கள். எனக்கு அதில் துபாஷித் தொழில்தான் தெரிகிறது. கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று, துணி, பாக்கு, கடன் எல்லாம் பேசி முடிக்கிறவர் துபாஷி. பிள்ளை பின்னாளில் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷி ஆனார். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். கீழே ஒரு மொழி, மேலே ஒரு மொழி. வீடே துபாஷியாகத்தான் நிற்கிறது.

நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாகணும். இந்த மாளிகைக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கு. சூளையில் வெந்தது யாரு? கிளிஞ்சலைச் சுட்டு, அரைச்சு, சாந்தாக்கித் தலையில சுமந்தது யாரு? ஒரு பெயர்கூட நம் கைக்கு வரவில்லை. பழைய தமிழ் வீட்டின் அமைப்பே ஒரு சாதிப் படிக்கட்டு. தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், அடுப்படி என்று உள்ளே போகப்போக, யார் எதுவரை வரலாம் என்பது எழுதாத சட்டம். சாந்து சுமந்தவன் வீடு முடிந்ததும் தெருவுக்குப் போயாகணும்.

அதற்காக மாளிகையை இடிக்கணும்னு நான் சொல்ல வரல. 1736 முதல் 1761 வரை பிள்ளை நாட்குறிப்பு எழுதினார். 1846இல் அது கண்டெடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் அதிலிருந்து பிறந்தவை. துபாஷிகளும் கவர்னர்களும் நிறைந்த அந்தப் பிரதியில் நாம் தேடிப் படிக்க வேண்டிய பக்கங்கள் உண்டு.

ஒன்று, 1743. ஏழைகளை ஏமாற்றிக் கடத்தி, ஒளித்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பல் பற்றிய குறிப்பு. இந்தத் துறைமுகத்தின் செல்வத்தில் மனித விலையும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று, 1745 அக்டோபர். இன்று சம்பா கோயில் என்கிறோமே, அதன் பழைய கட்டடத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர், மறுபக்கம் சேரிக் கிறித்தவர். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, பிறகு ஏன் இந்தப் பிரிவு என்று சேரி மக்கள் பாதிரியாரிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் சேரியின் தோழர் இல்லை. ஊரில் நடந்ததை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர், அவ்வளவுதான். ஆனால் நம் பாட்டன்மார் திரண்டு போய்க் கேட்டது அவர் பேனாவிலும் ஏறிவிட்டது. கேட்க நமக்கு யாரோ வெளியிலிருந்து வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்பவர்களுக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

2014 நவம்பரில் மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். செய்யட்டும். கல்லுக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசியாவது கல் சுமந்தவர் வரலாற்றுக்கு வேண்டாமா? மாணவத் தோழர்கள் நாட்குறிப்பைச் சேரிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். கொத்தனார், சித்தாள், சுண்ணாம்பு சுட்டவர் குடும்பங்களில் பெரியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதுங்கள். மாளிகையின் வாசலில் கட்டினவர் பெயர் தெரியாது என்றாவது ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். கணக்கின் அடுத்த பக்கத்தை நாமதான் எழுதணும்.