கண்மாய்க் கரையில் பிள்ளைகளுக்கு ஒரு முகாம்
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



போன மாதம் தீர்மான நோட்டில் ஒரு விஷயத்தை எழுதிவிட்டு, முடிவு எடுக்காமல் நிறுத்தி வைத்தோம். சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இயற்கை முகாம் நடத்தலாமா என்பதுதான் அது. "கடன் வாங்கி மாடு வளர்க்கிற நமக்கு நாரையும் கொக்கும் எதுக்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நம்ம மாவட்டத்துக் கண்மாய்களை நெல்லுக்காகத்தான் முன்னோர்கள் வெட்டினார்கள். பறவை பிறகு வந்தது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இல் பறவைகள் சரணாலயம் ஆயின. தேர்த்தங்கல் 2010-இல், சக்கரக்கோட்டை 2012-இல். ஈரான் நாட்டில் ராம்சர் என்ற ஊரில் 1971-இல் பல நாடுகள் கூடி, ஈரநிலங்களைக் காக்க ஒப்பந்தம் போட்டன. அந்த உலகப் பட்டியலில் முதல் இரண்டு கண்மாய்களும் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். மற்ற இரண்டையும் 2025-இல் அறிவித்தார்கள். வெளிநாட்டில் பேர் தெரிந்த கண்மாய்க்கு, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு வழி தெரியவில்லை! என் பேரனிடம் கலுங்கு எது, மடை எது என்று கேட்டேன். முழிக்கிறான்.

சரணாலயம் என்று பலகை வைத்ததும் விறகு பொறுக்கப் போக முடியலை என்ற வருத்தம் நமக்கு உண்டு. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. இழந்ததுக்குப் பதிலாக நம் கைக்கு என்ன வரும் என்று பார்ப்போம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிக்காட்டுவதும், வருகிறவர்களுக்கு மீன் குழம்பு, நண்டு என்று சமைத்துப் போடுவதும் உள்ளூர் மீனவக் குடும்பங்கள்தான். அதுமாதிரி முகாமுக்குச் சமையல் நம்ம குழு, வழிகாட்டுவது நம்ம ஊர் இளைஞர்கள் என்று இருக்க வேண்டும்.

ஆனால் கரையில் கட்டடம், வளைவு, கலர் லைட்டு, மைக் செட்டு என்று சிலர் பேசுகிறீர்கள். அது வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு தடவை ஒரு கண்மாயில் நானே பார்த்தேன். சுற்றுலா வந்த பசங்க வெடி போட்டார்கள். கருவேல மரத்தில் அடைகாத்த நாரையெல்லாம் ஒரேயடியாக எழும்பிவிட்டது. தாய் திரும்பி வருவதற்குள் காக்கை வந்து முட்டையைக் கொத்திவிட்டது. வெயிலில் குஞ்சு துடித்தது. வெடி போட்டவன் கெட்ட பிள்ளை இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ராத்தங்கல் ஊருக்குள் சமுதாயக் கூடத்தில். விடியக்காலம் கரைக்கு வெளிப்பக்கம் நடந்து போய், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். ஒரு முறைக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அடுப்பும் ஊருக்குள்தான். 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தீ மூட்டக் கூடாது. வெளியாட்கள் நுழைய அனுமதியும் வாங்க வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்வோம், வாய்வார்த்தை உதவாது.

அரையாண்டு லீவில் தண்ணீர் கிடக்கும், மழை பெய்திருந்தால் கூடும் இருக்கும். நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பிடிப்பதைக் காட்டலாம். பறவை எச்சம் கலந்த தண்ணி பாய்ந்தால் பயிர் நன்றாக வரும் என்று நம்ம பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கலாம். மே மாதம் கண்மாய் காய்ந்து கிடக்கும். அப்போது என்ன முகாம் என்று நினைக்காதீர்கள். வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறது, சீமைக்கருவேல் எங்கே முளைக்கிறது என்று பிள்ளைகள் நடந்து பார்த்து நோட்டில் வரையட்டும். எனக்கு இந்த முகாம்தான் பெரிசு. பருவமழைக்கு முன்னால் அந்த நோட்டு கிராமசபைக்குப் போகும். நாட்டுக் கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் பிரித்துக் காட்ட மட்டும் விவரம் தெரிந்த ஆள் கூட இருக்கணும். அவசரத்தில் கூடு கட்டுகிற மரத்தையே வெட்டிவிடக் கூடாது.

முதல் முகாமுக்குக் கடன் வேண்டாம். பாத்திரம், பாய் நம்மிடம் இருக்கிறது. சமைக்க ஆறு பேர், கூட நடக்க நாலு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பேர் கொடுங்கள். மிளகாய் பறிப்புக்குப் போகிறவர்கள் எந்தத் தேதி தோது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.