இளம்பிராயத் துன்பங்களைத் தடுத்தல்

கைக்குழந்தை உள்ள வீட்டிற்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வருகிறார். குழந்தையை எடை போடுகிறார். தடுப்பூசி போட்டாயிற்றா, தாய்ப்பால் போதுகிறதா என்று கேட்கிறார். அட்டையில் குறித்துவிட்டு அடுத்த வீட்டிற்குப் போகிறார். அவ்வீட்டில் தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பது அட்டையில் ஏறுவதில்லை. பிள்ளை பெற்றது முதல் தாய் மனம் சோர்ந்து கிடப்பதும் ஏறுவதில்லை. இவை குடும்ப விவகாரங்கள், சுகாதாரத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வரும் எண்ணம். அது சரியா என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா என்னும் வைத்தியர்கள் தம் குழுவினருடன் நடத்திய ஆராய்ச்சி 1998ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வயது வந்த 9,508 பேர், இளம்பிராயத்தில் தாம் பட்ட துன்பங்களைத் தெரிவித்தார்கள். அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காண்பது, வீட்டில் ஒருவருடைய குடி, மனநோய், சிறைவாசம் என அவை ஏழு வகைப்பட்டன. பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வகையையேனும் அனுபவித்திருந்தனர். நான்கு வகைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி முதலியன நேரும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. இருதய நோயும் புற்றுநோயுங்கூடத் துன்பத்தின் வகைகள் பெருகப் பெருக மிகுதியாகக் காணப்பட்டன.

நம் நாட்டின் நிலை என்ன? மத்திய அரசாங்கத்தின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கண்டு விசாரித்து, 2007இல் அறிக்கை வெளியிட்டது. மூவரில் இருவர் அடியும் உதையும் பட்டதாகக் கூறினர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். எனவே இதை எங்கோ சில குடும்பங்களின் கதை என்று ஒதுக்கிவிட இயலாது.

இதைத் தடுக்க முடியுமா? நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்னும் ஊரில், 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் ஒரு சோதனை தொடங்கினார். முதற் பிள்ளையைக் கருவுற்ற பெண்களின் வீட்டிற்கு நர்ஸுகள் சென்றனர்; குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் வரை தொடர்ந்து சென்றனர். குற்றம் கண்டுபிடிக்கச் செல்லவில்லை. தாய்க்குத் துணையாகவே சென்றனர். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவ்வீடுகளில் குழந்தைகள் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானது மற்ற வீடுகளில் கண்டதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆயினும் தாய் அடிக்கடி அடிபட்ட வீடுகளில் இந்த நன்மை தெரியவில்லை என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. தாயைக் காவாமல் சேயைக் காக்க முடியாது என்பதே இதனால் நாம் அறிவது.

நம் நாட்டில் வீடு தேடிச் செல்லும் வழக்கம் புதிதன்று. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் வீட்டிற்கு ஆஷா பணியாளர் முதல் 42 நாட்களில் 6 முறையும், 2018இல் ஏற்பட்ட திட்டத்தின்படி 3ஆம் மாதம் முதல் 15ஆம் மாதம் வரை 5 முறையும் செல்லவேண்டும். இந்தப் பதினொரு வருகைகளில், தாயிடம் தனியே அமர்ந்து, "உங்களுக்கு மனம் எப்படி இருக்கிறது? வீட்டில் பயமின்றி இருக்கிறீர்களா?" என்று கேட்பதற்கும் சற்று நேரம் வேண்டும். ஆனால் மாதச் சம்பளமின்றி ஊக்கத்தொகையை நம்பி உழைக்கும் அப்பெண்மணியின் தலையில் இன்னுமொரு சுமையை வெறுமனே ஏற்றிவிடலாகாது. அவருக்குப் பயிற்சி வேண்டும். கேட்டறிந்ததை ஊரில் பரப்பாத கட்டுப்பாடு வேண்டும். குடியையும் மனநோயையும் கவனிக்க அருகில் வைத்தியர் வேண்டும். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005இலும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிராக 2012இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆபத்திலுள்ள குழந்தைக்காக 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாதவர் கேள்வி மட்டும் கேட்பது, ஆறாத புண்ணைக் கிளறுவதாகவே முடியும்.

ஒன்றை மறவாதிருப்போம். மேலே சொன்ன கணக்குகள் திரளான மக்களைப் பற்றியவை. தனியொரு குழந்தையின் தலையெழுத்தை அவை கூறா. துன்பப்பட்ட குழந்தைகள் பலர் நல்வாழ்வு வாழ்கிறார்கள். அன்போடு நிலையாகத் துணை நிற்கும் பெரியவர் ஒருவர் வாய்ப்பது அதற்குப் பெரிதும் உதவுகிறது. பெற்றோரைப் பழித்துக்கொண்டிராமல், அவர்கள் நல்ல பெற்றோராக விளங்குவதற்கு வேண்டிய துணையை அளிப்பதும் தடுப்பூசி போடுவதைப் போன்றதொரு சுகாதாரப் பணியே ஆகும்.