பாவு வராத தறி



பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டுக்கு நேற்று மாலை போயிருந்தேன். ஐப்பசி மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நிற்பது வேறு. இது வெயிற்காலத்திலேயே நின்றுவிட்ட தறி. மேலே பழைய வேட்டியொன்றைப் போர்த்தியிருந்தார்கள். "பாவு வந்து மூணு மாசமாச்சுங்க ஐயா. மொதல்ல தெனமும் போய்க் கேட்டேன், அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா, இப்பக் கேக்கவே வெக்கமா இருக்கு" என்றார்.

இவர் வேலையற்றவரா, அல்லவா? சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் ஆதரவில் 1982ஆம் ஆண்டில் வகுத்த பொது இலக்கணப்படி, வேலையில்லாதிருப்பதும், கிடைத்தால் செய்யச் சித்தமாயிருப்பதும் மட்டும் போதா. தேடி அலைந்துமிருக்க வேண்டும். அதன் கணித விசித்திரத்தைப் பாருங்கள்: ஒரு தெருவில் உழைக்க வந்த 100 பேரில் வேலையற்றவர் 10 பேரென்றால் விகிதம் நூற்றுக்குப் பத்து, அவர்களில் ஐவர் மனமொடிந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாலோ, எஞ்சிய 95 பேரில் ஐவரே வேலையற்றவராகி, ஒரு தறிகூடப் புதிதாக ஆடாமலே விகிதம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது!

நம் தேசத்துக் கணக்கு சற்றுத் தாட்சண்யமுடையது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 'தேடவில்லை, கொடுத்தால் செய்வேன்' என்பவரையும் அது வேலையற்றவராகவே எழுதிக்கொள்ளும். ஆனால் வாரக் கணக்கில், ஏழு நாளில் ஒரு மணி நேரம் நாடாவைத் தள்ளியவரும் வேலையிலிருப்பவர். தனிக்கூலியாக ஒரு காசும் காணாமல் கணவனுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் மனைவியும் வேலையிலிருப்பவரே. ஆண்டு முழுவதையும் வைத்துப் பார்க்கும் கணக்கில் 2017-18இல் 6.1 சதவீதமாயிருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆக இறங்கிற்று என்று மகிழ்கிறோம். குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுவோரின் பங்கு அதே காலத்தில் ஏறியிருப்பதை அவ்வளவு உரத்துச் சொல்வாரில்லை. குடிசைக்குக் குடிசை வேறுபடும் இந்தத் துன்பத்தை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பது பொருந்தாதென்று வேலையின்மைக் கணக்கீட்டை ஆராய்ந்த பேராசிரியர் தாந்த்வாலாவின் குழு 1970இலேயே கூறிவிட்டது. நாம்தான் அந்த எண்ணை விடுவதாயில்லை.

எழுந்திருக்குமுன் அந்த நெசவாளரிடம், "கணக்கெடுக்க வருபவர் உங்கள் வீட்டம்மாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "அவளா? வீட்டுல சும்மாதாங்க இருக்கா" என்றார். முப்பது வருஷம் தார் சுற்றிக் காய்த்துப்போன விரல்களால் அந்த அம்மாள் அப்போதுதான் எனக்குக் காபித் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.